புதிய பான்டூன் படகு: அறிகுறியை வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடிக் காயலில் குடும்பத்தோடு சுற்றி வர பான்டூன் படகு வாங்கியவருக்கும், விடுதிக்கு வருபவர்களை ஏற்றிச் செல்ல வாங்கியவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடியில் இரண்டு மிதவைக் குழாய், மேலே தட்டையான தளம், சுற்றிக் கம்பி, தலைக்கு மேல் கூரை. வள்ளம் மாதிரி ஆடாது. குழந்தைகள் ஓடி விளையாடலாம், பாட்டி நாற்காலி போட்டு உட்காரலாம். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் காலில் படும், அள்ளி ஊற்றிவிடலாம். பான்டூனில் தண்ணீர் ஏறுவது மூடிய குழாய்க்குள். தளத்தில் நிற்பவர் கால் நனையாமலே படகு கனத்துக்கொண்டிருக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மிதவை, அடுத்து பாரம், அதற்கு அப்புறம்தான் எஞ்சின். படகு வந்து இறங்கியதும் எல்லோரும் செய்வது இதற்கு நேர் எதிர். சாவியைத் திருப்பி எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "வண்டி நல்லா இருக்கு" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எஞ்சின் கெட்டால் நடுக்காயலில் நிற்பீர்கள். மிதவை கெட்டால் நிற்கவும் இடம் இருக்காது.

படகு லாரியில் வந்திருந்தால், தண்ணீரில் இறக்கும் முன்பே தளத்தையும் குழாயையும் இணைக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். மலைப்பாதையிலும் மேடுபள்ளத்திலும் குலுங்கி வந்ததில் சில தளர்ந்திருக்கும். குழாயின் வெல்டிங் ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மயிரிழை விரிசலைக் கண் தவறவிட்டாலும் விரல் பிடித்துவிடும்.

அறிகுறி: கட்டி வைத்த படகு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது

இதைக் கண்டுபிடிக்கத் தேவை ஒரு அளவு டேப்பும் ஒரு இரவும்தான். ஆளில்லாத படகை அலையில்லாத இடத்தில் கட்டுங்கள். தளத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நீர்மட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள்.

இரவு முழுக்க அளவு மாறவில்லை, ஆனால் ஒரு பக்கம் தாழ்வு என்றால் பெரும்பாலும் பாரம் சமமாக இல்லை. பேட்டரி, பெட்ரோல் டேங்க், நங்கூரப் பெட்டி எல்லாம் ஒரே பக்கம் இருக்கும். மாற்றி வையுங்கள், தீர்ந்தது. வைத்த பிறகும் தாழ்வு அப்படியே இருந்தால், முன்பே உள்ளே தேங்கிய தண்ணீராக இருக்கலாம். அதற்கு வடிகால் திருகைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு மூலை மட்டும் காலையில் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால் அந்த மூலைக்கு நேரே உள்ள அறையில் ஒழுக்கு. நல்ல பான்டூன் குழாய் உள்ளே தடுப்பு வைத்து மூன்று நான்கு தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பதற்காக. வாங்கும்போதே "குழாய்க்குள் எத்தனை அறை" என்று கேளுங்கள். உள்ளே தடுப்பே இல்லாத ஒற்றைக் குழாய் என்றால் அந்தப் படகை ஆள் ஏற்ற எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு குழாயின் கொள்ளளவு சுமார் 1.7 கன மீட்டர். அதாவது முழுக்க அமிழ்ந்தால் நன்னீரில் 1,700 கிலோவைத் தாங்கும். அதில் மூன்று அறை இருந்து ஒன்று முழுக்க நிரம்பினால், சுமார் 560 கிலோ போய்விட்டது. 70 கிலோ எடையுள்ள 8 பேர் அந்த ஓரத்தில் நிரந்தரமாக நிற்பதற்குச் சமம்.

சரி, ஒழுக்கு எங்கே என்று பார்ப்பது எப்படி? படகைக் கரையேற்றி, பின்பக்கம் தாழ வைத்து, வடிகால் திருகைக் கழற்றுங்கள். நாலைந்து கரண்டி தண்ணீர் வந்தால் அது உள்ளே இருந்த காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது. வாளிக்கணக்கில் வந்தால் வெளியிலிருந்து புகுந்தது. காயலில் கிடந்த படகு என்றால் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காய வையுங்கள். உப்புப் பூத்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தண்ணீர் ஏறுகிறது என்று பலர் குழம்புவார்கள். காரணம் வெயில். பகலில் குழாய்க்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து ஊசித்துளை வழியே வெளியேறும். மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது அதே துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். நம் ஊர் வெயிலில் இது தினமும் நடக்கும்.

துளையைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீரும் மிகக் குறைந்த காற்றும் போதும். அழுத்தம் 2 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. டயர் கடை கம்ப்ரசரை நேராகச் செருகினால் குழாய் உப்பிப் பிளந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. சைக்கிள் பம்பும் அளவுமானியும் வைத்து மெதுவாகச் செய்யுங்கள். வெல்டிங் ஓரம், திருகு, ஏணி பொருத்திய இடம் என்று சோப்புத் தண்ணீரைத் தடவி வந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அலுமினியக் குழாய் என்றால் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வெல்டிங் வைக்கும்போது அந்த அறையின் திருகு கட்டாயம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் உள்ளே காற்று விரிந்து வெடிக்கும். எம்சீலை அப்பி ஒட்டிக் காயலில் இறக்குவது கரைக்குத் திரும்பி வரும் அளவுக்குத்தான் உதவும். அதை நம்பி ஆள் ஏற்றக் கூடாது.

அறிகுறி: ஆள் ஏறினால் சாய்கிறது, ஓடும்போது முன்பக்கம் தண்ணீரைக் குத்துகிறது

மிதவை நன்றாக இருந்தும் இப்படி என்றால் பாரம்தான். தயாரிப்பாளர் பொருத்திய தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று இருக்கும். உள்ளூரில் பட்டறையில் செய்த படகில் தகடு இருக்காது. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழாயும் சேர்ந்து 3,400 கிலோ. முழுப் பாரத்தோடு குழாய் பாதிக்கு மேல் அமிழக் கூடாது என்று வைத்தால் மொத்தம் 1,700 கிலோ. படகும் கூரையும் எஞ்சினுமே 900 கிலோ என்றால் மிச்சம் 800. பெட்ரோல், நங்கூரம், சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் போக, பத்துப் பேருக்கு மேல் யோசிக்கவே கூடாது. குழாயில் பாதி உயரத்துக்கு நேரே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு மறைந்தால் ஒருவர் இறங்க வேண்டும், அவர் எவ்வளவு பெரிய விருந்தாளியாக இருந்தாலும் சரி.

மணக்குடியிலிருந்து நன்னீருக்குப் படகைக் கொண்டுபோனால், உப்புநீரைவிட நன்னீர் கொஞ்சம் குறைவாகத் தாங்குவதால் அதே பாரத்தில் சற்றுக் கூடுதலாக அமிழும். பாரக் கணக்கை நன்னீருக்கே போட்டுக்கொள்வது நல்லது.

பாரத்தின் எடையைவிட அது நகர்வதுதான் படகைக் கவிழ்க்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் கூடியதும் படகின் நிலைத்தன்மைக் குறையும் அப்போது பேசப்பட்டன. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றி அமைத்து, ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றிய படகு அது. இரண்டும் நமக்கு ரொம்பத் தூரத்து ஊர்கள் இல்லை.

எனவே ஒரு சோதனை. இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக ஒரே ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். எத்தனையாவது ஆளில் தளத்தின் ஓரம் நீர்மட்டத்தை நெருங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையில் பாதிதான் ஒரு பக்கம் நிற்க அனுமதி. கூரைமேல் ஆள் ஏறுவது எந்தக் கணக்கிலும் சேராது, ஒருவர்கூட வேண்டாம்.

முன்பக்கம் குத்துவதற்கு எல்லோரும் முன்னால் போய் செல்பி எடுப்பதும் ஒரு காரணம். ஓட்டுபவர் சட்டென்று வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. அப்போது பின்னால் வரும் சொந்த அலையே தூக்கி முன்பக்கத்தை அமுக்கும். பாரத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள், வேகத்தை மெதுவாகக் குறையுங்கள்.

அறிகுறி: அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, சின்னச் சின்னக் குழி

மணக்குடியில் பழையாறு கடலோடு சேர்கிறது. தண்ணீர் உப்பும் நன்னீரும் கலந்தது. வேறு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதற்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதற்காகவே ஆனோடு என்ற கட்டியைப் பொருத்துவார்கள். நன்னீருக்கு மெக்னீசியம், காயலுக்கு அலுமினிய ஆனோடு, கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம். அணைக்கட்டில் ஓடிய படகை வாங்கி மெக்னீசியத்தோடு காயலில் விட்டால் அது வேகமாகக் கரைந்து தீர்ந்துவிடும், அப்புறம் குழாய்தான் கரையும். ஆனோடு பாதி தேய்ந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் வேலை செய்யாது. பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்டும் அலுமினியத்துக்கு ஆகாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள்.

அறிகுறி: எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மூன்றைப் பாருங்கள். கில் சுவிட்சின் (அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறதா. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி முனையைக் கழற்றி, பூத்திருக்கும் உப்பைச் சுரண்டித் துடையுங்கள். கடற்கரைக் காற்றில் அடிக்கடி வரும் கோளாறு இது.

நம் கடற்கரை வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் உண்டு. பழைய எஞ்சின் வாங்கியிருந்தால் அது எந்த வகை, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று விற்றவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் அவுட்போர்டு எஞ்சினைக் கையால் தொட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். முதல் சர்வீசை அவர்களிடமே கொடுங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடிவிட்டுக் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது

பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பாருங்கள். சப்பிப் போயிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கிறது. திறந்துவிட்டால் சரியாகிவிடும். எவ்வளவு அமுக்கியும் பல்பு இறுகவில்லை என்றால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. பல்பின் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். பல்பு இறுக்கமாக இருந்தும் திக்கினால் பில்டரில் தண்ணீர். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலைப் படகுக்கு ஊற்றாதீர்கள்.

அறிகுறி: எஞ்சினிலிருந்து தண்ணீர் பீச்சவில்லை

எஞ்சின் ஓடும்போது பின்னால் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முதலில் அந்தத் துளைக்குள் தூண்டில் தங்கூசியை (நைலான் இழை) விட்டுக் குத்துங்கள். மண் அடைத்திருக்கும். கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை, பாசி ஒட்டியிருக்கலாம். இரண்டும் சுத்தம் என்றால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், தேய்ந்திருக்கும். மணக்குடி போன்ற ஆழமில்லாத மணல் தரையில் அது சீக்கிரம் தேயும். பழைய படகு வாங்கினால் எதையும் கேட்காமல் இம்பெல்லரைப் புதிதாக மாற்றிவிடுங்கள். தரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினைச் சோதிக்கவே கூடாது, அரை நிமிடத்தில் அந்த ரப்பர் கருகிவிடலாம். காயலில் ஓட்டி வந்த ஒவ்வொரு முறையும் நன்னீர் விட்டு எஞ்சினைக் கழுவுங்கள்.

அறிகுறி: எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை

எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு புரொப்பெல்லரைத் தூக்கிப் பாருங்கள். ஆகாயத்தாமரையோ நைலான் வலைத் துண்டோ சுற்றியிருக்கும். நைலான் இழை அச்சுக்குள் போய் சீலை வெட்டிவிடும், அப்போது கியர் ஆயில் பால் கலந்தது போல வெளுத்து வரும். அப்படி வந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். எதுவும் சுற்றவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்கியிருக்கலாம். உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகினால் ரப்பர் போய்விட்டது. திருப்பத்தில் மட்டும் இரைந்தால் எஞ்சின் உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, ஒரு துளை கீழே இறக்குங்கள்.

அறிகுறி: பெட்ரோல் வாடை

எதையும் ஸ்விட்ச் போடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், இருக்கைக்கு அடியில் தேங்கும். ஆட்களை இறக்கிவிட்டு, இருக்கைகளைத் திறந்து போட்டு, வாடை போன பிறகு ஒழுக்கைத் தேடுங்கள். கையில் தூக்கும் டேங்க் என்றால் கரையில் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். தீயணைப்பான் ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அறிகுறி: ஜாக்கெட் மூக்கு வரை ஏறுகிறது

ஜாக்கெட் போட்டவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதைத் தாண்டி வந்தால் அளவு தவறு. பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி வாரை இறுக்கிவிட்டால் போதாது, தண்ணீரில் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். கால் இடுக்கில் வார் உள்ள குழந்தை ஜாக்கெட் வாங்குங்கள். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. படகில் ஏறும் முன் கரையிலேயே போட்டுவிட வேண்டும்.

அறிகுறி: திருப்பினாலும் படகு பக்கவாட்டில் போகிறது

ஸ்டியரிங் கோளாறு என்று தேடாதீர்கள், காற்றைப் பாருங்கள். கூரையும் கம்பி வேலியும் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்த மாவட்டத்தில் பான்டூன் ஓட்டுகிறோம் என்று நினைவிருக்கட்டும். ஆனி, ஆடியில் காலையில் போய் வெயில் ஏறும் முன் திரும்புங்கள். காற்று வலுத்தால் முதலில் கூரையை மடக்குங்கள். கரை சேரும்போது காற்றுக்கு எதிராக வாருங்கள், காற்று பின்னாலிருந்து தள்ளினால் கட்டையில் மோதும்.

பேச்சிப்பாறை, சிற்றாறு போன்ற அணைகளில் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. எஞ்சின் படகுக்கு உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் 2021 பதிவும் ஆய்வும் காப்பீடும் கேட்கிறது. ஆய்வுக்கு வருபவரிடம் மேலே சொன்ன நான்கு மூலை அளவுகளைக் காட்டுங்கள், அவருக்கும் உதவும்.

அறிகுறி: எஞ்சின் நின்று படகு பொழிமுகம் நோக்கி இழுபடுகிறது

இதை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் பொழி, அதாவது காயலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டு, உடைந்திருக்கும்போது காயல் தண்ணீர் கடலுக்கு வேகமாக ஓடும். வற்றமும் (கடல் நீர் இறங்கும் நேரம்) சேர்ந்தால் துடுப்பால் நிறுத்த முடியாது. பொழிக்கு வெளியே உடையும் அலை பான்டூனுக்கான இடம் இல்லை. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் கடலிலேயே வளர்ந்த மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். இந்திய கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்த நாளில் முகத்துவாரத்தின் பக்கமே போகாதீர்கள். கடற்கரையில் காற்றில்லாமல் அமைதியாகத் தெரியும்போதே தூரத்தில் எழுந்த அலை வந்து சேரும்.

எஞ்சின் நின்றதும் அதைச் சரிசெய்ய உட்காராதீர்கள். முதலில் நங்கூரம். அதை முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். எஞ்சின் கனத்தால் ஏற்கெனவே தாழ்ந்த பின்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் பின்புறத்தை அமுக்கித் தண்ணீர் தளத்தில் ஏறிவிடும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். 3 மீட்டர் ஆழத்துக்கு 15 முதல் 21 மீட்டர். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் மணலில் நன்றாகப் பிடிக்கும். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்திருக்க வேண்டும். நங்கூரம் பிடித்து படகு நின்ற பிறகு, ஆட்களை நடுவில் உட்கார வையுங்கள். விசில் ஊதுங்கள், கரையில் இருக்கும் வள்ளக்காரர்களுக்குக் கேட்கும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, பொது அவசர எண் 112. இந்த மூன்றையும் ஓட்டுபவர் கண்முன் பெயின்டில் எழுதி வையுங்கள். போன் தண்ணீர் புகாத உறைக்குள் இருக்கட்டும். உதவி வரும்வரை யாரும் நீந்திக் கரை சேரப் படகைவிட்டு இறங்கக் கூடாது.